தோட்டத்துப் பெரியவர்களிடம் இணைய மோசடி பற்றிப் பேச ஒரு மணி நேரம்: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: சிப்புட்_இளையர்

அனைவருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றை ஒட்டிய ஆலயத்தில் இளைஞர் பிரிவைக் கவனித்து வருகிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அன்னதானம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், இணைய மோசடிகளைப் பற்றி மக்களுக்கு விளக்கும்படி நிர்வாகம் எங்களிடம் கேட்டுக்கொண்டுள்ளது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் ரப்பர் பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். கையில் இருக்கும் கைப்பேசி பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. அதில் அவர்கள் புழங்குவது புலனமும் (வாட்ஸ்அப்) யூடியூப்பும் மட்டுமே. ஆனால் ஊழியர் சேமநிதிப் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது.

முன்பு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, மக்காவ் மோசடி (அதிகாரி போலத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்பது), காதல் மோசடி, பொட்டல மோசடி, முதலீட்டு மோசடி, பகுதிநேர வேலை மோசடி என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்னர் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மா ஒருவரே ஏமாந்து போனார். கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாக முதலில் மலாயில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது; அவர் தடுமாறியதும் தமிழ் பேசும் காவல்துறை ‘சார்ஜன்’ ஒருவரிடம் இணைப்பு மாற்றப்பட்டிருக்கிறது. “அம்மா, உங்கள் பெயரில் மோசடிக்காரர்கள் கணக்குத் திறந்து பணச் சலவை செய்கிறார்கள், உங்கள் பணத்தைக் காப்பாற்றத்தான் கூப்பிடுகிறோம், இது அரசாங்க இரகசியம், பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களையும் விசாரிக்க வேண்டிவரும்” என்று சொன்னவனை அவர் முழுமையாக நம்பினார். மக்காவ் மோசடி என்ற பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். மோசடியைப் பற்றி எச்சரிக்கிறவனே மோசடிக்காரனாக இருப்பான் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

ஆகவே வகைகளை வரிசையாகச் சொல்லும் பாணி எங்களுக்கு உதவாது என்று நினைக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் எதைச் சொன்னால் மனத்தில் நிற்கும்? வங்கியிலோ காவல்துறையிலோ பணியாற்றியவர்கள், ஊரில் இது போன்ற கூட்டம் நடத்தியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கவுண்டர்_அக்கா

தம்பிக்கு வணக்கம். வங்கிக் கிளை ஒன்றில் நெடுங்காலம் முகப்பிடத்தில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எண்ணியது சரி. கதைகள் மாதத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். இன்று கூரியர், நாளை வருமான வரி, மறுநாள் காப்புறுதிக் கோரிக்கை. கதையின் முடிவு மட்டும் மாறுவதில்லை. ஒன்று, பணத்தை வேறொரு கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். அல்லது குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்பார்கள். அல்லது ஏதோ ஒரு செயலியைக் கைப்பேசியில் ஏற்றச் சொல்வார்கள். இந்த மூன்றில் ஒன்று நடக்காமல் பணம் வெளியேறுவது அரிது. எனவே கதையின் தொடக்கத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பதைவிட, அந்த முடிவு வரும் இடத்தில் நின்று கொள்ளக் கற்றுக்கொடுப்பது எளிது.

அதற்கு அடிப்படையாகச் சில உண்மைகளை உறுதியாகச் சொல்லுங்கள். காவல்துறை எவரையும் தொலைபேசியிலேயே விசாரித்து முடிப்பதில்லை. வழக்கிலிருந்து விடுவிக்கப் பணம் கேட்பதும் இல்லை. ‘தணிக்கைக்காக’ உங்கள் பணத்தை வாங்கி வைத்திருக்கும் கணக்கு எதுவும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் கிடையாது. சேமநிதி வாரியம் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முகவர் எவரையும் நியமித்ததில்லை. உதவித்தொகை என்று சொல்லி வரும் இணைப்புகளுக்கும் இது பொருந்தும். 2025-இல் 18 வயதை எட்டிய குடிமக்கள் அனைவருக்கும் மைகார்டு என்னும் அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட் சாரா உதவி (அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசு தரும் உதவி) வழங்கப்பட்டபோது, அதற்கு எவரும் பதிந்துகொள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆனால் உண்மைகளைச் சொல்வது மட்டும் போதாது என்பதே என் அனுபவம். நம் தோட்டத்துப் பெரியவர்கள் தண்டல், கிராணி, துரை என்று அதிகாரத்தின் முன் நின்று பதில் சொல்லியே வாழ்ந்தவர்கள். அதிகாரக் குரலில் பேசும் ஒருவரின் அழைப்பை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டிப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. மோசடிக்காரன் அழைப்பை ஒரு மணி, இரண்டு மணி நேரம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதும் இந்தக் கூச்சத்தை நம்பித்தான். அழைப்பு நீடிக்கும்வரை அவர்களால் வேறு எவரையும் கேட்க முடியாதல்லவா? ஆகவே திரையையும் படங்களையும் தூக்கி வைத்துவிட்டு, துண்டிப்பதற்குப் பயிற்சி கொடுங்கள். மண்டபத்தின் பின்புறத்திலிருந்து உங்கள் இளைஞர் ஒருவர் உண்மையாகவே அவர்களுடைய கைப்பேசிக்கு அழைத்து, மிடுக்கான மலாயில் பேசட்டும். “என் மகனிடம் கேட்டுவிட்டுப் பேசுகிறேன்” என்று ஒரே வாக்கியம் சொல்லி, மறுபக்கம் கத்திக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் சிரிப்பார்கள். அதில் குற்றமில்லை.

துண்டித்த பிறகு வங்கியைக் கேட்க விரும்பினால், ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் அழைக்க வேண்டும். அழைத்தவன் கொடுத்த எண்ணையோ, கைப்பேசித் திரையில் தோன்றிய எண்ணையோ நம்பக்கூடாது. காவல் நிலையத்தின் எண்ணைப் போலவே திரையில் தெரியும்படி செய்ய அவர்களால் முடியும்.

பதில்: கைப்பேசி_வைத்தியர்

கவுண்டர் அக்கா சொன்னதை ஏற்கிறேன். நான் கைப்பேசி பழுது பார்ப்பவன். எனவே கைப்பேசியில் செய்ய வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன்.

இப்போது எங்கள் கடைக்கு வரும் தொல்லைகளில் மோசமானது திருமண அழைப்பிதழ். புலனத்தில் தெரிந்தவர் பெயரிலேயே ஒரு கோப்பு வருகிறது. தெரிந்தவருடைய கைப்பேசி முன்பே கைப்பற்றப்பட்டிருக்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடியும்; அது செயலியை ஏற்றும் கோப்பு. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும், ஒருபோதும் ஏபிகே ஆக இருக்காது. அதைத் தொட்டால், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை ஏற்ற அனுமதிக்கலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அழைப்பிதழைப் பார்க்கும் ஆவலில் அனுமதித்துவிடுவார்கள். அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால், பணம் அனுப்புவதை உறுதி செய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் எண் பெரியவரின் கண்ணில் படுவதற்கு முன்பே மோசடிக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிடும். வீடு துப்புரவுச் சேவை, மலிவு விலைக் கடல் உணவு என்று முகநூலில் வரும் விளம்பரங்களும் இதே வேலையைச் செய்தவைதான். பேங்க் நெகாரா 2022-இல், குறுஞ்செய்தி வழி வரும் எண்ணைக் கைவிட்டு வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் பெறும் முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்ததற்கு இது போன்ற ஓட்டைகளே காரணம். எந்த வங்கியில் இருந்தாலும் அந்தப் புதிய முறைக்கு மாறியாயிற்றா என்று பார்த்துவிடுங்கள்.

கூட்டத்துக்கு வரும்போது கைப்பேசியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அமைப்புகளுக்குள் போய், புலனம், உலாவி முதலிய எதற்கும் ‘தெரியாத செயலிகளை நிறுவும்’ அனுமதி இல்லாதபடி அணைத்து வையுங்கள். புலனத்தில் இரு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் வைத்துவிட்டால், பதிவு எண்ணை மட்டும் ஏமாற்றி வாங்கி ஒருவருடைய புலனத்தைக் கைப்பற்ற முடியாது. அறியாதவர்களின் அழைப்பு மணி அடிக்காதபடி செய்யும் வசதியும், அறியாதவர்கள் குழுவில் சேர்க்காதபடி தடுக்கும் வசதியும் புலனத்தின் தனியுரிமைப் பகுதியில் இருக்கின்றன. முதலீட்டு மோசடிகள் பலவும் ஒருநாள் காலையில் நம்மைக் கேட்காமலே சேர்க்கப்பட்ட ஒரு குழுவில்தான் தொடங்குகின்றன.

இன்னொன்று, மிக எளிது, ஆனால் எவரும் செய்வதில்லை: வங்கிச் செயலியில் நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய தொகையின் உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். மாதம் மின்கட்டணமும் பேரப்பிள்ளைக்குக் கொஞ்சமும் அனுப்புகிறவருக்கு ஆயிரக்கணக்கில் வரம்பு எதற்கு? 300 ரிங்கிட் போதும். ஏமாந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான் போகும்.

பதில்: பழைய_வாத்தியார்

இருவரும் பயனுள்ளவற்றைச் சொன்னார்கள். ஆயினும் ஒரு முக்கியமான இடத்தில் நான் மாறுபடுகிறேன். ‘கைப்பேசியைக் கொண்டுவாருங்கள், நாங்கள் சரி செய்து தருகிறோம்’ என்பதே நம் ஊர்களில் ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. சேமநிதியின் இணையக் கணக்கான ஐ-அக்காவுன் பதிவு செய்ய முடியாமல் கைப்பேசிக் கடைப் பையனிடம் மைகார்டையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, வெளியே நாற்காலியில் காத்திருக்கும் பெரியவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் 2024 மே 11 முதல் சேமநிதியில் மூன்றாவதாக ‘ஃபிளெக்சிபல்’ கணக்கு வந்த பிறகு, 55 வயது ஆகாதவர்களின் பணத்திலும் ஒரு பகுதியை எந்த நேரத்திலும் கைப்பேசி வழியாகவே எடுக்க முடிகிறது. அப்படியிருக்க, கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சிறிய கேள்வியன்று. உங்கள் இளைஞர்கள் அமைப்புகளைச் சரி செய்யும்போது கைப்பேசி பெரியவரின் கையிலேயே இருக்கட்டும். விரல் அவருடையதாக இருக்கட்டும். இளைஞர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டுமே.

அடுத்து, உங்கள் கேள்வியில் முதியவர்களை மட்டுமே நினைத்திருக்கிறீர்கள். நம் வட்டாரத்தில் வட்டி முதலைக்கு அஞ்சி, முகநூலில் ‘உடனடிக் கடன், கருப்புப் பட்டியலில் இருந்தாலும் கிடைக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் நாற்பது வயதுக்காரர்கள். 5,000 ரிங்கிட் கடன் தருவதாகச் சொல்லி, முதலில் வழக்கறிஞர் கட்டணம், பிறகு முத்திரைக் கட்டணம், பிறகு ‘கணக்கு எண் தவறாகப் பதிவாகிவிட்டது, அதைத் திருத்தக் கட்டணம்’ என்று வாங்கிக்கொண்டே போவார்கள், கடன் வராது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் உரிமம் பெற்ற கடன் நிறுவனம், கடன் கொடுப்பதற்கு முன்னால் பணம் கேட்கக்கூடாது. அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கவும் கூடாது. இதைச் சொன்னால், கடன் கேட்கும் நிலையில் இருப்பவருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

இளைஞர்களிடம் வேறொன்றைச் சொல்ல வேண்டும், கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் பையன்களிடம். ஏடிஎம் அட்டையைச் சில நூறு ரிங்கிட்டுக்கு இரவல் கொடுத்தால் போதும், வேலை எதுவும் இல்லை என்று அவர்களிடம் கேட்கிறார்கள். அந்த அம்மாவின் பணம் போய் விழுந்த கணக்கும் இப்படி இரவல் போன ஏதோ ஓர் இளைஞனுடைய கணக்காகத்தான் இருக்கும். முதலில் காவல்துறை கதவைத் தட்டுவது அவன் வீட்டில்தான். கும்பலின் தலைவனை அவனுக்கே தெரியாது. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, கணக்கை இவ்வாறு பிறர் கையில் கொடுப்பதே தனிக் குற்றம். மோசடி நடப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இதில் மாட்டிக்கொண்டதை அறிவேன். கெட்ட பிள்ளைகள் அல்லர். மோட்டார் சைக்கிள் தவணைக்காகச் செய்தவர்கள்.

கடைசியாக, மேடையில் எவரும் “பேராசை பிடித்தவர்கள்தான் ஏமாறுவார்கள்” என்று பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறிப்பிட்ட அம்மா எதற்கு ஆசைப்பட்டார்? பிள்ளைகளுக்குத் தொல்லை வரக்கூடாது என்று பயந்தார், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்: சிப்புட்_இளையர்

மூவருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா சுட்டிய கைப்பேசி விடயத்தை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை, அப்படியே செய்கிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம். அந்த அம்மா பணம் போன பிறகு மூன்று நாள் எவரிடமும் சொல்லவில்லை. மகன் திட்டுவான் என்ற பயம். பிறகு காவல் நிலையம் போனபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். பணம் போன பின் உடனே என்ன செய்தால் ஏதாவது கிடைக்க வாய்ப்பு உண்டு? ‘செமாக் மியூல்’ தளத்தில் பார்த்தால் போதும் என்கிறார்கள் சிலர்; அது எவ்வளவு நம்பத்தக்கது?

பதில்: கவுண்டர்_அக்கா

தம்பி, 997 என்ற எண்ணை அனைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. காவல்துறை, பேங்க் நெகாரா, வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆகியவை ஒரே இடத்தில் சேர்ந்து இயங்குவதற்காக ஏற்படுத்தப்பட்டது. நாம் அனுப்பிய பணம் ஒரு கணக்கில் போய் உட்கார்ந்திருப்பதில்லை. சில நிமிடங்களிலேயே இரண்டாவது, மூன்றாவது இரவல் கணக்குகளுக்குப் பிரிந்து, பின் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. அது நகர்வதற்கு முன் எங்காவது ஒரு கணக்கில் தடுத்துவிட்டால்தான் மீட்க வழி. அதனால்தான் மூன்று நாள் என்பது இதில் மிக நீண்ட காலம்.

997-க்கோ, வங்கியின் மோசடித் தொடர்பு எண்ணுக்கோ முதலில் அழையுங்கள். வங்கிச் செயலியில் கணக்கை நாமே முடக்கிவிடும் அவசரப் பொத்தான் இருந்தால் அழைப்பதற்கு முன்பே அதை அழுத்திவிடலாம். தவறான செயலியை ஏற்றிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் கைப்பேசியின் இணையத் தொடர்பை அணைத்துவிட்டு, வேறொருவர் கைப்பேசியிலிருந்து அழையுங்கள். காவல் நிலையப் புகார் அதற்குப் பிறகு. ஆனால் காலம் தாழ்த்தாமல். புலன உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். பலர் முதலில் செய்வது அதைத்தான். அழைத்த எண், பணம் போன கணக்கு எண், நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

‘செமாக் மியூல்’ காவல்துறையின் வாணிபக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் தளம். ஒரு வங்கிக் கணக்கின் மீதோ தொலைபேசி எண்ணின் மீதோ முன்பு புகார் வந்திருக்கிறதா என்று அது காட்டும். புகார் இருந்தால் பணம் அனுப்பக்கூடாது என்பது உறுதி. புகார் இல்லையென்றால் அது நல்ல கணக்கு என்று பொருளாகாது. நேற்று இரவல் வாங்கிய கணக்கின் மீது இன்று யார் புகார் கொடுத்திருப்பார்கள்? மாறாக, டூயிட்நவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வழி அனுப்பும்போது ‘உறுதி செய்க’ என்பதற்கு முன் திரையில் பெறுநர் பெயர் தோன்றும் அல்லவா, அங்கே கண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். ‘நீதிமன்ற வைப்புத் தொகை’ என்று சொல்லிவிட்டு ஒரு தனியாளின் பெயர் வந்தால், வேறெதுவும் சரிபார்க்கத் தேவையில்லை.

வங்கியிடம் நிவாரணம் கேட்பதில் ஒரு வேறுபாடு உண்டு. நம் அறிவின்றிப் பணம் எடுக்கப்பட்டதா, ஏமாற்றப்பட்டாலும் நாமே அனுப்பினோமா என்பதை வங்கி முதலில் பார்க்கும். இரண்டாவது நிலையில் வாதம் கடினமாகும். வங்கியின் முடிவு நியாயமில்லை என்று தோன்றினால், 2025-இல் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்குக் காலக்கெடு இருப்பதால் வங்கியின் இறுதிக் கடிதத்தை அலமாரியில் போட்டு வைக்கக்கூடாது. அந்த அம்மா வங்கியிடம் எழுத்து வடிவில் பதில் வாங்கினாரா என்று கேளுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வழக்கறிஞர் பெயரிலோ அதிகாரி பெயரிலோ விரைவில் ஒருவர் அழைக்கக்கூடும். ஒருமுறை ஏமாந்தவரின் எண் கைமாறிக்கொண்டே இருக்கும்.

பதில்: பழைய_வாத்தியார்

மகன் திட்டுவான் என்ற பயத்தைப் பற்றி ஒரு சொல். கூட்டத்துக்குப் பெரியவர்களை அழைப்பது போலவே வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். “அம்மா எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுங்கள்; ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் முதலில் 997-ஐ அழையுங்கள், கோபத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்” என்று. சிங்கப்பூரில் இரவு வேலைக்குப் போகும் மகன் பகலில் உறங்குவான். அவனுக்குப் பதிலாக ஊரிலேயே கேட்கத்தக்க ஒருவர் யார் என்பதையும் அந்தக் குடும்பமே முடிவு செய்து வைக்க வேண்டும். அவருக்கு ஆலோசனை கேட்கப்படும் உரிமை மட்டும் போதும், கடவுச்சொல் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: சிப்புட்_இளையர்

நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். திரைக் காட்சி கிடையாது. முதல் அரை மணி நேரம் அழைப்பைத் துண்டிக்கும் பயிற்சி. அதற்குப் பிறகு நான்கு மேசைகள் போட்டு, கைப்பேசி அமைப்புகளையும் நாள் வரம்பையும் அவரவர் விரலாலேயே மாற்ற வைக்கிறோம். 997 என்ற எண்ணையும், குடும்பம் தெரிவு செய்த ஒருவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பேசி உறையின் பின்புறம் ஒட்டித் தருவதாகவும் முடிவு செய்திருக்கிறோம். கடன், இரவல் கணக்கு ஆகியவற்றை இளைஞர்களுக்காகத் தனியாக மாலையில் பேசப் பூப்பந்து விளையாடும் திடலே பொருத்தமான இடம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பயிற்சிக்கு ஒரு குறை மட்டும் இருக்கிறது. எங்கள் பையன்கள் எவருடைய மலாயிலும் அதிகாரியின் தோரணை வரவில்லை. குரலைக் கேட்டதும் “டேய், நீ மாரியம்மா பேரன்தானே” என்று பாட்டிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஈப்போ, கோலகங்சார் பக்கம் இருப்பவர்களில் நல்ல கனத்த குரல் உடையவர் எவரேனும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வர இயலுமா? போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டையும் ஆலயம் பார்த்துக்கொள்ளும்.